டிவி விழுங்கிய ஓரம்

அக்கா கல்யாணப் படங்களைப் பாட்டோடு சேர்த்து சிடியில் ஏற்றிக் காட்டப் போகிறேன் என்று மாமா அறிவித்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் மிக்சி போடுவதற்குக்கூட அவரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. மாமா அம்மாவின் தம்பி. கல்கத்தாவின் டாலிகஞ்சில் ஏதோ கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டு, லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையை முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்தார். சிடி எழுதும் நேரத்தில் மிக்சி ஓடினால் கரண்ட் குறைந்துவிடும், சிடி பாழாகிவிடும் என்பது அவருடைய கட்சி. மிக்சி ஓடாமலே பாழான சிடிகளுக்கு அவரிடம் விளக்கம் இருந்ததில்லை. அவற்றை அம்மா நூலில் கோத்துப் புறாக்களை விரட்ட பால்கனியில் கட்டித் தொங்கவிட்டாள்.

மாமாவின் சட்டத்துக்கு ஒரு சொல் பேசாமல் கட்டுப்பட்டவள் அத்தைதான். ஊறிய உளுந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னறையிலிருந்து குரல் வரும்வரை காத்திருப்பாள். இதென்ன கூத்து என்று அம்மா முணுமுணுத்தால், தம்பி முடித்துக்கொள்ளட்டும் மதினி, மாவு எங்கே போய்விடப் போகிறது என்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவர் தவறிப்போனார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அப்பாவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது அவளும் எங்களோடு ரயிலேறிவிட்டாள். அக்காவுக்குத் தலை பின்னியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, பெங்காலிப் பாடத்தை ஒரு எழுத்தும் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைத்தது எல்லாம் அவள்தான். அம்மாவுக்கு நாங்கள் இருவர். அத்தைக்கு அக்கா மட்டும்தான் என்று நான் பொறாமைப்பட்டதும் உண்டு.

கல்யாணம் தூத்துக்குடியில் நடந்தது. கல்கத்தா ஆட்கள் யாரும் அவ்வளவு தூரம் வர முடியவில்லை. அதனால்தான் இந்த சிடி ஏற்பாடு. திரும்பி வந்ததும் அத்தை எதிரில் அகப்பட்டவர்களிடமெல்லாம் கல்யாணக் கதை சொன்னாள். மீன் வாங்கப் போனால் மீன்காரரிடம், மாடிப்படியில் நின்றால் நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டுப் பெங்காலி மாமியிடம். அவளுடைய பெங்காலி பாதி கையும் பாதி தமிழுமாக இருக்கும். மாஷிமாவுக்கு எப்படியோ எல்லாம் புரிந்தது. படம் வருகிறது, அதில் பாருங்கள், நானும் இருக்கிறேன் என்று அத்தை சொல்லிவைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் உட்கார இடமில்லை. அப்பாவின் அலுவலகத் தமிழர்கள் இரண்டு குடும்பம், மாஷிமா, அவருடைய மருமகள். அத்தை கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு வெங்காய போண்டா சுட்டாள். மாமா சிடியைச் சட்டையில் துடைத்து உள்ளே தள்ளினார். நாதஸ்வரத்தோடு பிள்ளையார் வந்தார், பிறகு அக்காவும் அத்தானும் வந்தார்கள். படங்கள் பூவாக உதிர்ந்தும் பக்கமாகப் புரண்டும் ஒன்றையொன்று துரத்தின. எல்லோரும் மாமாவைப் பாராட்டினார்கள். அவருக்கு நிலைகொள்ளவில்லை.

அத்தை போண்டாத் தட்டோடு அடுப்படி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நலங்கு போயிற்று, தாலி கட்டு போயிற்று, குடும்பமாக நின்ற படங்களும் போயின. மாஷிமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

“தோர் பிஷி கோத்தாய்?”

உன் அத்தை எங்கே என்கிறார் என்று நான் உரக்க மொழிபெயர்த்தேன். பள்ளிக்கூடத்தில் பெங்காலி கற்ற பெருமை எனக்கு. அம்மாதான் முந்திக்கொண்டு, தன் அரைகுறை இந்தியில், அவளுக்கு உள்ளே வேலை சரியாக இருந்தது, படத்துக்கு வந்து நிற்க முடியவில்லை என்றாள். விருந்தாளிகள் எதிரில் பேச்சை முடித்துவிடும் அவசரம் அவளுக்கு. அத்தை தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எல்லோரும் போன பிறகு பாத்திரம் தேய்க்கும் இடத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“நான் நின்னேன் மதினி. எல்லாத்துலயும் நின்னேன்.”

மறுநாள் மாமா சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அத்தை இருந்தாள். ஒவ்வொரு குடும்பப் படத்திலும், வரிசை முடிகிற இடத்தில், பாதித் தோள் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். அதே சிடியை டிவியில் போட்டால் அவள் இல்லை. அவளுக்கு முந்தி நின்ற பெரியப்பாவோடு படம் முடிந்துவிட்டது. மாமா கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிவந்து, இரண்டையும் அருகருகே வைத்து மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். எங்கள் பெட்டி டிவி நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குப் படத்தைத் தன் சட்டத்துக்குப் பின்னால் விழுங்கிக்கொள்ளும் சாதி. கம்ப்யூட்டர் விளிம்புவரை காட்டும். டிவிக்காகச் செய்கிறவர்கள் படத்தைச் சுருக்கி, சுற்றிலும் ஓரம் விட்டு எழுத வேண்டும். வகுப்பில் அந்தப் பாடம் நடந்த அன்று அவர் எங்கே போயிருந்தாரோ.

நான் டிவியின் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிவைத்துச் சட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அத்தை அங்கேதான் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று நிச்சயமாக நம்பினேன்.

மாமா உடனே இரண்டாவது சிடி தயாரித்தார். அன்றும் உளுந்து காத்திருந்தது. இந்த முறை படத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வேலி, அதற்குள் எல்லோரும் இருந்தார்கள். அத்தையைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்களே பாருங்க, எல்லாம் இந்த டிவி செய்த வேலை என்று மாமா மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அம்மாவும் வந்து, நான்தான் பார்த்தேனே, நீ நின்றாய் என்று எனக்குத் தெரியாதா என்றாள். அத்தை கடைசிப் படம்வரை பொறுமையாகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

“விடு தம்பி, நீ என்ன செய்வ. நான் நின்ன இடம் அப்பிடி.”

அடுத்த மாதம் பெரியப்பா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தூத்துக்குடிக்குப் போனாள். அப்பா ரயிலேற்றிவிட்டு வந்தார். அவள் திரும்பி வரவேயில்லை. அக்காவுக்கு வளைகாப்பு வந்தபோது, அத்தையைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு, அவளே வரமாட்டாள், நாம் கூப்பிட்டு அவளைச் சங்கடப்படுத்துவானேன் என்று முடிவாயிற்று. அத்தனை அக்கறையாக ஒருத்தியை வெளியே நிறுத்த முடியும் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கும் டிவி எதையும் விழுங்குவதில்லை. போன வாரம் அந்தப் படங்களை அதில் போட்டுப் பார்த்தேன். நடுவில் மணமக்கள், பிறகு அம்மா, அப்பா, பெரியம்மா, பெரியப்பா, அவர்களுக்கும் அப்பால் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி, அதற்கும் அப்பால் அத்தை. நல்ல காரியத்தில் முன்னால் வராதே என்று யாரும் அவளிடம் சொன்னதாக நான் கேட்டதில்லை. சொல்லாமலே அவளுக்கும் தெரிந்திருந்தது, வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அத்தை தூத்துக்குடிக்குப் போன சில நாளில் மாமா ஊருக்கு அனுப்ப அந்த சிடியைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை இன்னும் சின்னதாக்குங்கள் மாமா என்று கெஞ்சினேன். ஒரு தடவை சுருக்கியதற்கே அத்தை உள்ளே வந்துவிட்டாள் அல்லவா. இன்னும் சுருக்கினால் அக்கா பக்கத்துக்கே வந்துவிடுவாள், அப்புறம் அதை அவளுக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடுவாள் என்பது என் கணக்கு. மாமா திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“எவ்வளவு சின்னதாக்கினாலும், ஓரத்துல நிக்கவங்க ஓரத்துலதாம்மா நிப்பாங்க.”

அப்படியென்றால் இதைவிட நல்ல கம்ப்யூட்டராக ஒன்று வாங்கலாமே என்றேன். மாமா, சிடி இன்னும் முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அம்மாவிடம் போய் மிக்சி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னார்.