ஆடியைத் தள்ளிய கணக்கு

நான் மதுரையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலத்தில், எங்கள் டாக்டரம்மா குறைமாதக் குழந்தைகளின் மூச்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, எல்லாம் அவருடைய நோட்டில் ஏற வேண்டும். எண்ணிச் சொல்வது என் வேலை. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஆனாலும் அந்த வேலை பிடித்திருந்தது.

ஒரு கார்த்திகை மழையில், உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரின் மனைவிக்கு எங்கள் வார்டில் பெண் குழந்தை பிறந்தது. என் இரண்டு கைக்குள் அடங்கும் அளவு. மூச்சை இழுக்க இழுக்க விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. பஞ்சில் சுற்றி, துணி போர்த்திய வெந்நீர்ப் பாட்டில்களை இருபக்கமும் வைத்தேன். பாலைப் பீய்ச்சித் தரச் சொல்லி, பால் புகட்டும் பாலாடையை நீட்டினால், தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

துணைக்கு இருந்த நாத்தனார்தான் பேசினாள். “எட்டாம் மாசம்ங்க. ஏழு பொழைக்கும், எட்டு தங்காது. எதுக்கு அவளைப் போட்டுப் பாடாப் படுத்துறீக?”

வயிற்றில் ஒரு மாதம் கூட இருந்த பிள்ளைக்கு நுரையீரலும் கூடுதலாக முதிர்ந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எங்கே, மாசத்தை எண்ணுங்க பாப்போம்” என்றேன். சித்திரையில் தொடங்கி விரல் மடக்கினாள். ஆடி வந்ததும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆடியில நல்ல காரியம் எதையும் தொட மாட்டீக. புள்ளைக்கு மட்டும் அந்த மாசத்தைச் சேப்பீகளா? ஆடியைத் தள்ளுங்க. இது ஏழுதான்.”

விரலை விடுவித்துக்கொண்டவள், “அதுவும் சரிதான்” என்று தன் அண்ணனிடம் சொல்ல ஓடினாள். கட்டிலில் கிடந்தவள் மெல்லத் திரும்பிப் பாலாடைக்குக் கை நீட்டினாள்.

மறுநாள் டாக்டரம்மா கேட்டபோது நாத்தனார் பெருமையாக “ஏழு” என்றாள், நோட்டில் ஏறிவிட்டது. எனக்கு மனசு உறுத்தியது. அவர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தவர், ஏழு என்று இருந்ததை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். “உன் பொய் வார்டோடு இருக்கட்டும். நோட்டுக்குள் வந்தால் இனிமேல் பிறக்கிற பிள்ளைகளுக்குக் கேடு” என்றார்.

இரண்டு தடவை அந்தக் குழந்தை மூச்சுவிட மறந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், கோபமாக அழுதது. கோபத்தில் நம்ம ஜாதகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு குழி மறைந்தது, மூச்சின் வேகம் தணிந்தது, பாலாடை போதாமல் மார்பைப் பற்றிக் குடித்தது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்று நாத்தனார் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். தாய் என்னிடம் மட்டும், “எட்டுதான்னு எனக்குத் தெரியும் நர்சம்மா. சொமந்தவ நானுல்ல” என்றாள்.

என் முகத்தில் அசடு வழிந்தது. “பெறகு எப்படி அன்னைக்குக் கை நீட்டுன?”

“பெத்தவ நானே, புள்ள போனாப் போகட்டும்னு கெடந்தேன். அசலார் நீங்க எம் புள்ளைக்காக இம்புட்டுப் பொய் சொல்றீக. எனக்கு வெக்கமாப் போச்சு” என்றாள்.