கோல்கீப்பர் ஏகாம்பரத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை

காலை ஏழரை மணிக்கு எழும்பூரில் காஞ்சிபுரம் ரயிலைப் பிடித்தோம். என்னோடு வந்தவர் வியாசர்பாடி தேவி. மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க ஒரு வீட்டுக்கு வழிகாட்டச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்.

பல ஆண்டுகளுக்கு முன், சென்னையில் ஒரு கால்பந்து லீக் ஆட்டத்தில், தேவியின் கணவர் பாஸ்கர் எங்கள் கோலை நோக்கிப் பந்தோடு பாய்ந்து வந்தார். எங்கள் கோல்கீப்பர் ஏகாம்பரம் முன்னால் ஓடிவந்து பந்தின் மேல் விழுந்தார். இருவரும் மோதினார்கள். அன்று மாலையே பாஸ்கர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான் அப்போது ஏகாம்பரத்தின் அணியில் தடுப்பாட்டக்காரன்.

செங்கல்பட்டைத் தாண்டியதும் ரயில் மேற்கே திரும்பியது. பாலூர் பக்கம் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. ஏகாம்பரத்தைப் பற்றித் தேவி கேட்க, தெரிந்ததைச் சொன்னேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். முன்பு கோவாவில் ஒரு கிளப்புக்கு ஒப்பந்தத்தில் ஆடியவர். பெனால்டியின்போது பந்தைப் பார்க்கமாட்டார். உதைப்பவரின் இடுப்பைத்தான் பார்ப்பார். பாஸ்கரோடு மோதியதில் அவர்மீது தவறில்லை என்று நடுவரே சொன்னார். ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு அவர் கையுறை போடவில்லை. கோவா கிளப்பிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை.

"இத்தினி வருசமா வூட்டுக்கே வரலியே. என்னப் பாக்க பயமாண்ணா அவருக்கு?"

"தெரியலம்மா."

காஞ்சிபுரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். நூறு ரூபாய். "பொடவ எடுக்கவாமா?" என்றார் ஓட்டுநர்.

"பத்திரிக வெக்கப்பா."

சாயம் தோய்த்த பட்டு நூல் காய்ந்துகொண்டிருந்த சந்தில் ஏகாம்பரத்தின் வீடு. தறியில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். தேவியை நான் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தேவி பத்திரிகை வைத்த தாம்பாளத்தை நீட்டினார். ஏகாம்பரம் வாங்கவில்லை.

"என் கையால எப்படிமா வாங்கறது?"

"அவர கடசியா கிட்ட பாத்தது நீங்கதாண்ணா. அதான் தேடிக்கினு வந்தேன்."

ஏகாம்பரம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"மோதி விழுந்ததும் அவருதான்மா மொதல்ல எழுந்தாரு. என் தோளத் தொட்டு, 'அடி கிடி பட்டுச்சாப்பா?'ன்னு கேட்டாரு. இல்லன்னேன். ரெண்டடி நடந்தாரு. அப்புறந்தான் சாஞ்சாரு. இத சொல்லணும்னு வியாசர்பாடி வரிக்கும் வந்துக்கிறேன். உங்க தெரு முனையிலயே திரும்பிட்டேன்."

பாஸ்கர் அப்படிக் கேட்டது, அதே மைதானத்தில் நின்றிருந்த எனக்குத் தெரியாது. தேவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாம்பாளத்தை மறுபடி நீட்டினார்.

"குடும்பத்தோட வரணும்ணா."

"வர்றேன்மா." பந்து தடுத்துத் தடுத்துக் கோணிப்போயிருந்த விரல்களால், இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் ரயிலில் கூட்டமில்லை. வாலாஜாபாத் தாண்டியதும் தேவி பேசத் தொடங்கினார்.

"வூட்லயும் அப்படித்தாண்ணா. தன் கால இடிச்சிக்கினாலும், உனக்கு ஒண்ணும் இல்லியேன்னு என்னத்தான் கேப்பாரு. நான் அத மறந்தே பூட்டேன்."

தாம்பரம் வரும்வரை, பாஸ்கர் எப்படிச் சாப்பிடுவார், எப்படித் தூங்குவார், மகளை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை ஆண்டுகளில் பாஸ்கரைப் பற்றி, அவர் சாவைத் தவிர வேறெதையும் நாங்கள் பேசியதில்லை.