கொசு எடுத்த நேர்காணல்

வனப் பூச்சிகளின் மரபியலில் முனைவர் பட்டம் படிக்க, வெளிநாட்டுப் பேராசிரியருடன் வீடியோ நேர்காணல். அபிராமபுரம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "ஒவ்வொரு பூச்சியும் காட்டின் உயிர்" என்று உருகிக்கொண்டிருந்தேன். பின்னால் அப்பா கொசு அடிக்கும் மட்டையை வீசினார். பட், படார்!

அவசரமாக மைக்கை அணைத்தேன். "அப்பா, சீட்டு போயிடும்ப்பா!"

"நீ காட்டுப் பூச்சியக் காப்பாத்து நைனா, கூடத்துப் பூச்சிய நான் பாத்துக்கறேன்."

கொள்கைக்காக, என் நெற்றியில் உட்கார்ந்த கொசுவை அடிக்காமல் பேச்சைத் தொடர்ந்தேன். அது நிதானமாகக் குடித்தது. பேராசிரியர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்துவிட்டது. மாதக்கணக்கில் எழுதிய ஆய்வுத் திட்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "எங்கள் காட்டில் கொசு அதிகம். போன மாணவர் ஒரே வாரத்தில் ஓடிவிட்டார். நீங்கள் தாங்குவீர்கள்" என்றார்.