தாளில் இருந்த பாதை

சர்வே ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி இழுத்தவர் வன்னியராஜ். ஊரான் நிலத்தையெல்லாம் அளந்து உள்ளங்கை காய்த்துப் போனதுதான் மிச்சம். ஓய்வு பெற்ற சமயம், கழித்துப் போட்ட தாள்களிலிருந்து சேரன்மாதேவிப் பக்கத்து வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்துத் தாள்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளம் வடிந்ததும் ஊர்ப் பெரும்புள்ளி நெல்லையப்பன் தம் வாழைத் தோட்டத்தை ஒட்டிப் போன சுடுகாட்டுப் பாதையை முள்வேலி போட்டு மறித்துவிட்டார். "இங்கன பாதையே கெடையாது வே" என்று வாய் கூசாமல் சொன்னார். அதன் பிறகு வன்னியராஜின் தெருவில் விழுந்த பிணமெல்லாம் கால்வாயில் இறங்கி, நெஞ்சளவுத் தண்ணீரில்தான் போனது. ஒரு தடவை பாடை சரிந்து, செத்தவர் முகம் தண்ணீரில் முங்கியது. அதைப் பார்த்தவள் வன்னியராஜின் மனைவி செல்லக்கிளி. இப்போது அவளே படுக்கையில் கிடந்தாள். "என்னைய அப்படிக் கொண்டுபோயிராதிய" என்று தினமும் அழுதாள்.

தாளை விரித்தார். இருந்தது! புள்ளி புள்ளியாகப் பாதை, முடிவில் சுடுகாடு. மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. தாலுகா ஆபீசுக்கு ஓடினார்.

அதிகாரி தாளை நன்றாகவே பார்த்தார். "பாதை இருக்கு, சரி. உம்ம தெரு எங்க வே?"

இல்லை. கோயில் இருந்தது, ஒற்றைப் புளியமரம்கூட இருந்தது. இருபத்தாறு குடிசை இல்லை. பிணம் போக வழி போட்ட புண்ணியவான், உயிரோடு இருந்தவன் வீட்டைப் போடவில்லை. நாசமாய்ப் போக! பாதையைத் தேடிய அவசரத்தில் வன்னியராஜும் தம் வீட்டைத் தேடவில்லை. வீடு எங்கே போய்விடும் என்ற நினைப்பு.

பத்தாம் நாள் தெருவுக்கு நோட்டீஸ் வந்தது. ஆற்றுப் புறம்போக்கில் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டுமாம்.

"செவனேன்னு கெடந்த தெரு. ஒம்ம தாளு கெடுத்துட்டே மாமா!" என்று பக்கத்து வீட்டு முத்துராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

சமாதானம் பேச நெல்லையப்பனே வந்தார். "பாதை எப்பவுமே இருந்ததில்லைன்னு எழுதிக் கொடும். நோட்டீச நான் பாத்துக்கிடுதேன்."

இருபத்தாறு வீடு. வன்னியராஜ் கையெழுத்துப் போட்டார்.

செல்லக்கிளியிடம் நோட்டீஸ் சங்கதியை யாரும் சொல்லவில்லை. அவர் உள்ளே வந்ததும், "பாத கெடச்சிட்டா?" என்று கேட்டாள்.

"கெடச்சிட்டு."

அன்றைக்கு அவள் ரெண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தாள்.