இரண்டாவது மூட்டை

திருப்பத்தூர் நாட்டு மருந்துக் கடையில் ரஞ்சிதத்துக்குக் கொடுக்கும் சம்பளம் அவளுடைய மூக்குக்கும் நாக்குக்கும்தான் என்று முதலாளி பாண்டுரங்கன் சொல்லிச் சிரிப்பார். புறங்கையில் ஒரு சொட்டைத் தேய்த்து முகர்ந்தே வேப்பெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருப்பதைச் சொல்லிவிடுவாள். சிறுகுறிஞ்சான் இலையை மட்டும் மென்றுதான் பார்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் வேறு கொடிகளின் இலையும் அதே மாதிரிதான் இருக்கும். மென்று துப்பிவிட்டு நாக்கில் சர்க்கரை வைத்தால் மணலைப்போல் இருக்க வேண்டும். இனித்தால் அது சிறுகுறிஞ்சான் இல்லை.

போன தை மாதம் ஒரு காலையில் இரண்டு மூட்டைகள் சேர்ந்து வந்தன. முதலாவது புதூர்நாட்டுச் சசிகலாவுடையது. அவள் இலை கொடுக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டாவது, பத்து வருடமாகக் கொடுத்துவரும் கருப்பனுடையது. கடையில் நல்ல கூட்டம். ரஞ்சிதம் ஒன்றன்பின் ஒன்றாக மென்று பார்த்தாள். இரண்டு முறையும் சர்க்கரை இனிக்கவில்லை. இரண்டையும் ஒரே டிரம்மில் கொட்டச் சொன்னாள்.

இருபது நாள் கழித்து, அந்த இலையை வாங்கிப்போன சித்த வைத்தியர் பாதிக்குப் பாதி கலப்படம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். யாருடைய மூட்டை என்று முதலாளி கேட்டார். கருப்பனைச் சந்தேகப்பட ரஞ்சிதத்துக்கு மனம் வரவில்லை. சசிகலாவின் பெயரைச் சொன்னாள். கோணியை வாங்கிப்போக வந்த சசிகலாவிடம், கலப்பட இலை இனி வேண்டாம் என்றாள்.

"நீயே மென்னு பார்த்துட்டுத்தானக்கா எடுத்துக்கின?" என்று கேட்டாள் சசிகலா.

மேலே நல்லதை வைத்து அடியில் வேறு எதையோ வைத்திருப்பாய் என்று, கடையில் நின்றவர்கள் கேட்கும்படி சொன்னாள் ரஞ்சிதம். சசிகலா வெறும் கோணியை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சித்திரையில் ஒருநாள், இலையை மென்ற வாயோடு ரஞ்சிதம் டீ குடித்தாள். சப்பென்றிருந்தது. சர்க்கரை போட்டாயா என்று டீக்கடைக் குமரேசனைக் கேட்டாள்.

"ரெண்டு ஸ்பூன் போட்டுக்கீறேன். கண்ட தழையத் தின்னுட்டு வந்து என் டீயக் கொற சொல்லாத."

டம்ளர் கையிலேயே நின்றது. ஒரு முறை மென்றால் அரைமணி நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. அதனால்தான் ஒரு மூட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுவாள். அந்தத் தை மாதக் காலையில் மட்டும் விடவில்லை.

தைக்குப் பிறகு முதல்முறையாக மறுநாள் வந்த கருப்பனின் மூட்டையிலிருந்து ஓர் இலையை எடுத்து வெறும் வாயோடு மென்றாள். சர்க்கரை தித்தித்தது.

முதலாளி கருப்பனை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணை வரச்சொல் என்று சாதாரணமாகச் சொன்னார். ரஞ்சிதம் ஜீப் பிடித்துப் புதூர்நாட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. திருப்பத்தூரில் எந்தக் கடையும் இலை வாங்காததால் சசிகலா புருஷனோடு கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண், அவளுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

ரஞ்சிதம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"என் இலை இன்னான்னு எனுக்குத் தெரியுமேக்கா. என்னாண்ட எதுக்குச் சொல்ற? அந்தக் கடைங்களாண்ட போய்ச் சொல்லு."

அடுத்த நாள் ரஞ்சிதம் கடைத்தெருவில் மூன்று கடைகளில் ஏறி, தப்பு தன்னுடையது என்று சொன்னாள். இரண்டு கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். மூன்றாமவர் பொட்டலம் கட்டிக்கொண்டே, எந்தச் சசிகலா என்று கேட்டார்.