தோலில் பழகிய ஊசி

"ஊசியைச் சாய்த்துப் பிடியுங்கள், மாணவிகளே..."

கூடத்திலிருந்து அந்தக் குரல் கேட்டதும் சமையலறையில் தபஸ்ஸுமின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நர்சிங் படிப்பு முழுவதையும் இந்தப் பாட வீடியோக் குரலோடுதான் அவள் செல்போனில் கழித்திருந்தாள். இன்று அதை, அம்மி என்று அவள் கூப்பிடும் அம்மாவின் முன்னால் ஓடவிட்டுக்கொண்டிருந்தவர் இன்பராஜ், கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவர்.

"உங்க பொண்ணு ரெண்டு வார்த்தை வீடியோல பேசட்டும்மா. ஆன்லைன்ல படிச்சே நல்ல நர்ஸ் ஆயிட்டேன்னு. பேசிட்டா, வார்டு பயிற்சி முடிச்சதா நாளைக்கே சர்ட்டிஃபிகேட் வந்துடும்."

அம்மி வஹீதா எட்டிப் பார்த்தாள். "வா பேட்டி," என்று மகளைக் கூப்பிட்டாள். "பேஜார் பண்ணாதே."

பேஜாரா! தபஸ்ஸுமுக்கு நெஞ்சு கொதித்தது.

எந்த வார்டு? எந்தப் பயிற்சி? 'வீட்டில் கிடைப்பதை வைத்துப் பழகுங்கள்' என்றது அந்தக் குரல். வெளியூர்ப் பெண்கள் ஆரஞ்சுப் பழத்தில் குத்தினார்கள். ஆம்பூர்ப் பெண்ணுக்கு வேறென்ன கிடைக்கும்? ஷூ கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளை அப்பா ஆசையாய்க் கொண்டுவந்தார். மனுஷனுக்கும் தோல்தானே என்று வீடே நம்பியது. பதப்படுத்திய தோலில் ஊசி லேசில் இறங்குமா? அழுத்தி அழுத்திக் குத்தினாள். அந்த அழுத்தம் கையில் ஊறிப்போனது.

போன வாரம் ஒரு கிளினிக்கில் வேலைக்குப் போன முதல் நாள், பேரணாம்பட்டிலிருந்து வந்த அமிர்தவள்ளி என்ற பீடி சுற்றும் அம்மாவின் கையில் அதே அழுத்தத்தோடு குத்தினாள். ஊசி நரம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. கை பொதபொதவென்று வீங்கியது. "அடிப்பாவி, நான் இன்னா செருப்பா, இந்தக் குத்து குத்துறே? இந்தக் கைய வெச்சி எப்படி பீடி சுத்துவேன்?" அந்த அழுகை இன்னும் காதில் இருந்தது. அன்றே வேலை போனது.

தபஸ்ஸும் அலமாரியிலிருந்த சிரிஞ்சை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"சார், சட்டைக் கையை மடிச்சு விடுங்க."

"எதுக்கும்மா?"

"நல்ல நர்ஸ்னு ஊருக்குச் சொல்லணுமில்ல? மொதல்ல உங்களுக்குக் காட்றேன்."

இன்பராஜ் சிரித்தார். அவள் ஊசியின் மூடியைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

"ஏன் சார் பயப்படுறீங்க? நரம்பு பேரு, மருந்து பேரு, எதை வேணா கேளுங்க. கடகடன்னு சொல்வேன். அதை உங்க செல்போன் நல்லாத்தான் சொல்லிக்குடுத்துது. என் கைக்கு யாரு சொல்லிக்குடுத்தா? பக்கத்துல நின்னு மணிக்கட்டைப் புடிச்சு 'அவ்ளோ அழுத்தாதே'ன்னு சொல்ல ஒரு ஆள் இருந்தாங்களா?"

"சர்ட்டிஃபிகேட் இல்லாம எங்க போய் நிப்பே? யோசி."

"வார்டுக்கு அனுப்புங்க. கத்துக்கிட்டு வாங்கிக்கிறேன்."

"அதுக்கெல்லாம் இப்ப வழி இல்ல."

"அப்ப என் மூஞ்சியக் காட்டி இன்னொரு பொண்ணை ஏமாத்தவும் வழி இல்ல!"

இன்பராஜ் வஹீதாவைப் பார்த்தார். அவளோ, அவர் இன்னும் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கையை நீட்ட மாட்டீங்க. ஊர் ஜனங்க மட்டும் நீட்டணுமா?" வஹீதா வாசல் கதவைத் திறந்துவிட்டாள். "எழுந்திருங்க சார்."

அவர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அணைக்க மறந்த அந்தக் குரல், மாணவிகளே மாணவிகளே என்று பைக்குள்ளிருந்தே பேசிக்கொண்டு போனது.

வஹீதா கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.