நூல்காரர் நேராக்கிய பீம்கள்

நூல்காரருக்கும் தறிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் இரும்பு பீம் வேலை பார்த்த ஃபிட்டர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு கிடக்கும். எதைக் கண்டாலும் இரண்டு முனைக்கும் நூலை இழுத்துப் பிடித்து, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அதனால் வந்த பெயர். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் கை சும்மா இருக்காது. ஆடுகிற நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால், அவர்களை எழுப்பிவிட்டு, காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்த பிறகுதான் பேச்சையே ஆரம்பிப்பார். "இந்த ஆளுகூட எப்படித்தான் குப்பை கொட்டுறியோ" என்று அக்கம்பக்கத்தில் அவர் மனைவியைக் கேட்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

வேலையிடத்தில் இந்தக் கிறுக்குக்கு நல்ல மரியாதை இருந்தது. லாரியில் வருகிற வழியில் வளைந்துபோன பீமை அவரிடம் விட்டால் போதும். துருத்திக்கொண்டிருக்கிற பக்கத்தில் கேஸ் டார்ச்சால் அங்கங்கே பழுக்கச் சூடு காட்டுவார். ஆறும்போது இரும்பு சுருங்கி, வளைவைத் தானே இழுத்துக்கொள்ளும். எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்பது அவர் கைக்குத் தெரியும். அந்தக் கையைப் பார்த்துத்தான் அதே கம்பெனி சூப்பர்வைசர் தன் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்தார். மச்சான், மாப்ளே என்று இருவரும் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தக் கம்பெனி அதுவரை சின்னச் சின்ன ஷெட்டுகள்தான் போட்டிருந்தது. முதன்முதலாக ஒரு பெரிய ஆபீஸ் கட்டடம் கிடைத்தது. அதன் மாடிக்கு வந்து இறங்கிய பீம்கள் எல்லாமே நடுவில் லேசாக முதுகு தூக்கியிருந்தன. அது வேண்டுமென்றே வைத்த வளைவு. மேலே கான்கிரீட் கொட்டினால் பாரத்தில் பீம் கொஞ்சம் இறங்கும், இறங்கினால் தளம் மட்டமாக வந்து நிற்கும். இன்ஜினியர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, முதுகு மேலே இருக்கும்படி ஏற்ற வேண்டும், யாரும் அதில் கை வைக்கக் கூடாது, ஆட்களிடம் சொல்லிவிடு என்றார். சூப்பர்வைசர் அன்று வீடு மாற்றுகிற அமளியில் இருந்தார். தலையாட்டிவிட்டு, லீவு போட்டுச் சாமான் ஏற்றப் போய்விட்டார்.

நூல்காரர் வந்து நூலைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாமே ஒரே மாதிரி எப்படி வளையும் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். மனுஷன் யோசிக்கவில்லை. லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே டார்ச்சைப் பற்றவைத்தார். மச்சான் லீவு முடிந்து வருவதற்குள் அத்தனை பீம்களும் நூல் பிடித்தாற்போல் நேராகி, கிரேனில் ஏறிவிட்டன. இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததே இல்லை என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டார். பாவம், அது உண்மையும்கூட.

கான்கிரீட் கொட்டியதும் தளம் நடுவில் தொய்ந்தது. இடிந்து விழுகிற அளவுக்கு இல்லை, ஆனால் பார்த்தாலே தெரிந்தது. முதலாளி எல்லோரையும் நிறுத்திவைத்து, ஆட்களிடம் சொன்னாயா இல்லையா என்று சூப்பர்வைசரைக் கேட்டார்.

"சொன்னேன் சார்," என்றார் மச்சான். பிறகு நூல்காரர் பக்கம் திரும்பி, ரொம்ப வருத்தமான குரலில், "ஷெட்டு வாசல்ல வெச்சு சொன்னேனே மாப்ளே. நீங்ககூட சரின்னு தலையாட்டினீங்களே," என்றார்.

ஷெட்டு வாசலில் நின்று பேசியது நூல்காரருக்கு ஞாபகம் இருந்தது. என்ன பேசினார்கள் என்பது இல்லை. பக்கத்தில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் சுத்தியல் சத்தத்தில் அடிபட்ட காது வேறு. பெண் கொடுத்த மனுஷன் பொய் சொல்வாரா?

"சொல்லியிருப்பீங்க மச்சான்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவர் சீட்டு கிழிந்தது. பீமைக் கெடுத்த ஆள் என்று பெயர் பரவி, வேறு எந்தக் கம்பெனியும் வாசலில் சேர்க்கவில்லை. கடைசியில் ஜன்னல் கிரில் அடிக்கிற கடையில் ஒதுங்கினார். வேலை போனதைவிட, சொன்னார்களா இல்லையா என்பதே தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவரை அரித்தது. மனைவியிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். அவள் ஒரே பாட்டைத்தான் பாடினாள்: "அண்ணன் சொல்லாம இருந்திருப்பாரா? உங்க காதுலதான் விழுந்திருக்காது."

காது டாக்டரிடம் போனார். கொஞ்சம்தான் குறைவு, மெஷின் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை என்றார் டாக்டர். நூல்காரர் பிடிவாதமாக வாங்கி மாட்டிக்கொண்டார். கிரில் கடையில் எந்த அளவைச் சொன்னாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி உயிரை எடுத்தார். நூல்கண்டு பையிலிருந்து எப்போது காணாமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

மச்சான் மேனேஜராகிவிட்டார். லீவு நாளில் தங்கை வீட்டுக்கு வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "காது எப்படி இருக்கு மாப்ளே?" என்று விசாரிப்பார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

அவர்தான் தங்கைக்கும் ஒரு வேலை பிடித்துக்கொடுத்தார், அதே ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைக்கிற வேலை. தொய்ந்த தளத்தின் மேல் கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டி, எல்லாவற்றையும் பூசி மெழுகியிருந்தார்கள். ஆனாலும் ஹாலில் தண்ணீர் ஊற்றினால் நாலு பக்கத்திலிருந்தும் ஓடி வந்து நடுவில் தேங்கியது. மண்டிபோட்டு அதைத் துணியால் ஒற்றி எடுப்பதே அவளுக்குப் பாதி வேலை. "எந்தக் குடிகாரன் போட்ட தளமோ" என்று கூட வேலை செய்கிறவள் தினமும் சிரிப்பாள். இவளும் சிரித்து வைப்பாள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், பையைக்கூட இறக்காமல் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"உங்களைக் குடிகாரன்னு சொல்றாங்க," என்றாள். "என்னால கேட்டுட்டு இருக்க முடியல. அண்ணன் சொல்லலங்க."

"என்னது? இன்னொரு தடவை சொல்லு."

"ஷெட்டு வாசல்ல வீடு மாத்துற வண்டியப் பத்தித்தான் பேசினாராம். பீமப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

நூல்காரர் எழுந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

அவள் பையை இறக்கி வைத்தாள்.

"அன்னிக்கே. முதலாளி விசாரிச்ச அன்னிக்கே வந்து அழுதாரு. மூணு பொண்ணுங்கள வெச்சிருக்கேன், கைவிட்டுடாதேன்னாரு. மாப்பிள்ளைக்குக் கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழைச்சுக்குவாருன்னாரு. நானும் அப்படித்தான்..."

நூல்காரர் காதிலிருந்து மெஷினைக் கழற்றினார். மேசை மேல், ஓரத்துக்கு நேராக வைத்தார். அவள் அண்ணனுக்காகவும் தனக்காகவும் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மெஷின் இல்லாமலே எல்லாம் நன்றாகக் கேட்டது.